பல்கலைக்கழகம் யாருடையது? திருவிதாங்கூரின் முதல் துணைவேந்தர் சி.பி. ராமசாமி ஐயர் விட்டுச்சென்ற கேள்வி

அம்பூரி (திருவனந்தபுரம்): மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி அமைந்துள்ளது அம்பூரி. பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட இந்த மலையோர ஊராட்சியைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். பாறசாலை, வெள்ளறடை, நெய்யாற்றின்கரை என இந்த எல்லைப் பகுதி முழுவதிலும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. இங்குள்ள மாணவர்கள் அருகிலுள்ள தனுவச்சபுரம், காட்டாக்கடை போன்ற ஊர்களின் கலை, அறிவியல் கல்லூரிகளில் படித்துப் பெறும் பட்டம், கேரளப் பல்கலைக்கழகத்தின் பட்டம். அந்தச் சான்றிதழில் கையொப்பமிடுபவர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

அந்தக் கையொப்பத்தை இடும் அதிகாரம் யாருக்கு, அவரை அமர்த்தும் உரிமை யாருக்கு என்பது குறித்துக் கடந்த சில ஆண்டுகளாகக் கேரள அரசும் ஆளுநர் மாளிகையும் நீதிமன்றப் படிகளில் மோதி வருகின்றன. தமிழ்நாட்டிலும் இதே வழக்கு வேறு வடிவில் நடந்து வருகிறது. புதிய சர்ச்சையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, கேரளப் பல்கலைக்கழகம் பிறந்த நாளிலிருந்தே அதனுடன் இருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ள, அப்பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சர் சி.பி. ராமசாமி ஐயரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

வேந்தர், துணைவேந்தர்: வேறுபாடு என்ன?

வெளிநாடுகள் பலவற்றில் பல்கலைக்கழகத்தின் தலைமை நிர்வாகியைத் 'தலைவர்' என்று அழைப்பர். இந்தியாவில் அதே பணியைச் செய்பவர் துணைவேந்தர். வேந்தர் என்பது மதிப்புக்குரிய முதன்மைப் பதவி. பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவதும் துணைவேந்தரை நியமிப்பதும் அவரது முக்கியப் பொறுப்புகள். அன்றாட நிர்வாகம், தேர்வு, ஆசிரியர் நியமனம், நிதி, பாடத்திட்டம் ஆகிய அனைத்தும் துணைவேந்தரின் மேசைக்கே வந்து சேரும்.

துணைவேந்தருக்கு உறுதுணையாகவும், தேவைப்படும்போது தடையாகவும் இருப்பதற்கென்றே செனட், சிண்டிகேட், கல்விக்குழு ஆகிய அவைகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆசிரியர்கள், மாணவர்கள், பொதுமக்களின் பிரதிநிதிகள் ஆகியோர் இவற்றில் இடம்பெறுவர். வேந்தர், அரசு, துணைவேந்தர், இந்த அவைகள் ஆகிய நான்கு தரப்பும் தத்தம் எல்லைக்குள் நிற்கும்போதுதான் பல்கலைக்கழகம் தன்னாட்சியுடன் இயங்குகிறது என்று கூற முடியும். திருவிதாங்கூரில் 1937ஆம் ஆண்டு இந்த நான்கில் இரண்டு, ஒரே மனிதரின் கைக்குச் சென்றன.

சென்னையைச் சார்ந்திருந்த திருவிதாங்கூர்

அதற்கு முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. 1834ஆம் ஆண்டு சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் தொடங்கப்பட்ட ஆங்கிலப் பள்ளி, 1866ஆம் ஆண்டு கல்லூரியாக வளர்ந்தது. இன்று திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் இயங்குவது அதுவே. 'மனோன்மணீயம்' நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியதும் இங்குதான். ஆனால், இக்கல்லூரியின் மாணவர்கள் எழுதிய தேர்வும் பெற்ற பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குரியவை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி உள்ளிட்ட சமஸ்தானத்தின் ஏனைய கல்லூரிகளுக்கும் இதே நிலைதான்.

தொலைவிலுள்ள சென்னையில் வகுக்கப்படும் பாடத்திட்டத்தைக் கொண்டு, சொந்த நாட்டின் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் மீன்வளத்துக்கும் தேவையான அறிவை உருவாக்க இயலாது என்ற எண்ணம் சமஸ்தானத்தில் வலுப்பெற்று வந்தது. அதற்குச் செயல்வடிவம் கொடுத்தவர் இளம் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவும், அவரது திவானாக 1936ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பொறுப்பேற்ற சி.பி. ராமசாமி ஐயரும் ஆவர்.

வந்தவாசியிலிருந்து திருவனந்தபுரம் வரை

சேத்துப்பட்டு பட்டாபிராம ராமசாமி ஐயர் 1879ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி வந்தவாசியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1903ஆம் ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். சில ஆண்டுகளிலேயே சென்னையின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி அவரது தந்தை நாராயணையா, அன்னி பெசன்ட் மீது தொடர்ந்த புகழ்பெற்ற வழக்கில் தந்தையின் தரப்பில் வாதாடியவர் சி.பி. பின்னர் அதே அன்னி பெசன்ட்டுடன் இணைந்து தன்னாட்சி இயக்கத்தில் பணியாற்றினார். காங்கிரசின் செயலாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். ஆனால், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கப் பாதையை அவர் ஏற்கவில்லை. 1920ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலானார். 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தார். மேட்டூர் அணை, பைக்காரா நீர்மின் திட்டம் ஆகியவற்றின் தொடக்கத்துக்கு அக்காலத்தில் அவர் அளித்த ஊக்கம் குறிப்பிடத்தக்கது.

இந்தப் பின்னணியைக் கவனித்தால் ஒன்று தெளிவாகும். அவர் ஆசிரியராக இருந்து துணைவேந்தரானவர் அல்லர். சட்டம் அறிந்த, பெரிய திட்டங்களை விரைந்து நிறைவேற்றப் பழகிய, நிர்வாகத்தின் மேல்தட்டிலிருந்து வந்த ஆட்சியாளர். அவர் பல்கலைக்கழகத்தை நடத்திய விதத்திலும் இந்த இயல்பே வெளிப்பட்டது.

ஒரே மனிதர், இரு நாற்காலிகள்

1937ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மன்னர் சித்திரைத் திருநாள் வேந்தரானார். மன்னரின் தாயார் சேது பார்வதி பாய் இணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். திவான் சி.பி. ராமசாமி ஐயர் முதல் துணைவேந்தரானார். அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த சமஸ்தானத்தின் 10 கல்லூரிகள் புதிய பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன.

தொழில்நுட்பக் கல்வியை வளர்ப்பது, நாட்டுக்கு நேரடிப் பயன் தரும் துறைகளில் ஆராய்ச்சியை அமைப்பது, கேரளக் கலைகளையும் பண்பாட்டையும் காப்பது ஆகியவை இப்பல்கலைக்கழகத்தின் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகமாக மட்டும் பல்கலைக்கழகங்கள் பல இயங்கிவந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

அறிவிப்புகள் காகிதத்தில் நின்றுவிடவில்லை. 1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. கடல்வாழ் உயிரினங்களையும் மீன்வளத்தையும் ஆராயும் துறை தொடக்க ஆண்டுகளிலேயே உருவானது. நீண்ட கடற்கரையைக் கொண்ட நாட்டுக்கு அது இயல்பான தேவையாக இருந்தது. 1945ஆம் ஆண்டு கணித அறிஞர் யூ. சிவராமன் நாயரின் தலைமையில் புள்ளியியல் துறை அமைந்தது. நாட்டிலேயே இத்துறைக்கென அமைந்த தொடக்ககாலத் துறைகளுள் அதுவும் ஒன்று. சமஸ்தானம் திரட்டி வைத்திருந்த பழஞ்சுவடிகளின் தொகுப்பும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் திவான் என்ற முறையில் அவர் மேற்கொண்ட பணிகளும் இத்துடன் இணைத்துப் பார்க்கத்தக்கவை. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஆலுவாவுக்கு அருகே உரத் தொழிற்சாலைக்கு அடித்தளமிடப்பட்டது. மின்சாரமும் தொழிற்சாலைகளும் வரும்போது பொறியாளர்களும் வேதியியலாளர்களும் தேவைப்படுவர். அவர்களை உருவாக்கும் பல்கலைக்கழகமும், அவர்களுக்கு வேலை தரும் அரசும் ஒரே மனிதரின் மேற்பார்வையில் இருந்தன. துணைவேந்தர் கேட்கும் நிதியைத் திவான் மறுக்கப் போவதில்லை. திவான் தீட்டும் திட்டத்துக்குத் துணைவேந்தர் தடை சொல்லப் போவதில்லை. புதிய பல்கலைக்கழகம் சில ஆண்டுகளிலேயே காலூன்றியதற்கு இந்த இணைப்பு பெரிதும் உதவியது.

அதே இணைப்புக்கு மறுபக்கமும் இருந்தது. பல்கலைக்கழகம் தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் அது வெளிப்பட்டது.

நெய்யாற்றின்கரை, 1938

1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. பட்டம் தாணுப் பிள்ளை அதன் தலைவரானார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்துக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கை. திவானைப் பதவிநீக்கம் செய்ய வேண்டும் என்று மன்னரிடம் மனுவும் அளிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாத இறுதியில் சட்டமறுப்புப் போராட்டம் வெடித்தது.

ஆகஸ்ட் 31ஆம் தேதி நெய்யாற்றின்கரையில், உள்ளூர்த் தலைவர் ஒருவரின் கைதைக் கண்டித்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. வீரராகவன் என்று இன்றும் இப்பகுதி மக்கள் நினைவுகூரும் நெய்யாற்றின்கரை ராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அக்டோபர் மாதம் 23ஆம் தேதி, ஸ்டேட் காங்கிரஸ் மீதான தடையை நீக்கக் கோரி அக்கம்மா செறியான் தலைமையில் திருவனந்தபுரத்தில் மாபெரும் பேரணி நடைபெற்றது. இந்த ஆண்டில்தான் 'மலையாள மனோரமா' நாளிதழும் மூடப்பட்டது.

ஒடுக்குமுறைக்குப் பொறுப்பேற்க வேண்டிய அரசின் தலைவர், சுதந்திரமான சிந்தனைக்கு இடமளிக்க வேண்டிய பல்கலைக்கழகத்துக்கும் தலைவர். காவல்துறைக்கு உத்தரவிடும் அலுவலகமும், ஆசிரியர்களின் நியமனத்தைத் தீர்மானிக்கும் அலுவலகமும் வேறு வேறு அல்ல. இத்தகைய அமைப்பில், ஆட்சியின் செயலை ஆராய்ந்து விமர்சிக்கும் பேராசிரியர் ஒருவர் தமது துணைவேந்தரிடம் பாதுகாப்புத் தேட வழியில்லை. பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி என்பது துணைவேந்தரின் நல்லெண்ணத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சி.பி.யின் ஆட்சியைப் பற்றிய மதிப்பீடுகள் இன்றுவரை இரு துருவங்களாகவே நிற்கின்றன. 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியான ஆலய நுழைவுப் பிரகடனம், தொழில் வளர்ச்சி, பல்கலைக்கழகம் ஆகியவற்றை ஒரு சாரார் சுட்டிக்காட்டுவர். நெய்யாற்றின்கரையையும், 1946ஆம் ஆண்டின் புன்னப்புரா-வயலார் துப்பாக்கிச் சூட்டையும் மறு சாரார் சுட்டிக்காட்டுவர். இரண்டும் ஒரே மனிதரின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்தவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைக்க இயலாது.

தமிழுக்குக் கிடைத்த இடம்

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய மற்றொரு பகுதியும் உண்டு. சமஸ்தானத்தின் தென் வட்டங்களில் தமிழே மக்களின் மொழி. 1940களில் வள்ளல் அழகப்பச் செட்டியார் இப்பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கென ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வழங்கினார். அதன் வழியே வளர்ந்த தமிழ்த் துறையில், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை 1950களின் தொடக்கத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

நாகர்கோவில் வடசேரியில் 1926ஆம் ஆண்டு பிறந்த வ.அய். சுப்பிரமணியமும் இத்துறைக்கே ஆசிரியராக வந்தார். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1963ஆம் ஆண்டு கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை உருவாக்கினார். 1964ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டதில் தனிநாயக அடிகளுடன் அவருக்கும் பங்குண்டு. 1981ஆம் ஆண்டு தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் துணைவேந்தராக எம்.ஜி.ஆர். அரசு தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

சி.பி. ஆட்சிப் பணியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். சுப்பிரமணியம் வகுப்பறையிலும் ஆய்வுத் துறையிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தபின் துணைவேந்தரானவர். துணைவேந்தர் பதவிக்கு இன்றைய விதிகள் 10 ஆண்டு பேராசிரியர் அனுபவத்தை வலியுறுத்துவதன் பின்னணியில் இந்த இரண்டாவது பாதையே உள்ளது.

1947: பதவி போனது, நிறுவனம் நின்றது

1946ஆம் ஆண்டு சி.பி. முன்வைத்த அரசியலமைப்புச் சீர்திருத்தம், வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்க முன்வந்தது. ஆனால், சட்டமன்றத்தால் நீக்க முடியாத திவானை நிர்வாகத்தின் தலைமையில் வைத்தது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தலைமை என்ற அவரது நிர்வாகக் கொள்கை இதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. மக்கள் அதை ஏற்கவில்லை.

ஆங்கிலேயர் வெளியேறும்போது திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் அறிவித்தார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டு புறப்பட்டபோது கே.சி.எஸ். மணி என்ற இளைஞரால் வெட்டப்பட்டார். உயிர் தப்பினாலும் அரசியல் முடிவுக்கு வந்தது. சில நாள்களில் திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணைய ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 19ஆம் தேதி சி.பி. திவான் பதவியிலிருந்து விலகினார். துணைவேந்தர் பொறுப்பும் அத்துடன் முடிந்தது.

இரு பதவிகளும் சேர்ந்தே வந்ததால் சேர்ந்தே போயின. ஓர் அரசியல் நெருக்கடி பல்கலைக்கழகத்தின் தலைமையையும் உடன் இழுத்துச் சென்றது. எனினும் பல்கலைக்கழகம் மூடப்படவில்லை. சட்டம், துறைகள், கல்லூரிகள், நூலகம், தேர்வு முறை ஆகியவை அதற்குள் வேரூன்றிவிட்டிருந்தன. 1950களில் மற்றொரு தமிழரான ஆற்காடு ராமசாமி முதலியார் இதன் துணைவேந்தராக இருந்தார். அதே காலத்தில் அவரது இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தவர் அவர்.

வாரணாசியும் சிதம்பரமும்

திருவிதாங்கூரை விட்டுச் சென்ற சி.பி.யின் கல்விப் பணி அத்துடன் நிற்கவில்லை. 1954 முதல் 1956 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஆசாரிய நரேந்திர தேவுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற அவருக்கு, உட்பூசல்கள் மிகுந்திருந்த அந்தப் பெரிய வளாகம் எளிதான களமாக அமையவில்லை. அவர் விலகியதற்கு அடுத்த ஆண்டு, பல்கலைக்கழகத்தின் நிலையை ஆராய மத்திய அரசு லட்சுமணசாமி முதலியார் தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்தது.

1960களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவர் பணியாற்றினார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 1965ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி, அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் ராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

1938ஆம் ஆண்டு நெய்யாற்றின்கரையில் துப்பாக்கி வெடித்தபோது சி.பி. அரசின் தலைவர். 1965ஆம் ஆண்டு சிதம்பரத்தில் வெடித்தபோது அவர் பல்கலைக்கழகத்தின் தலைவர் மட்டுமே. காவல்துறை அவரது கட்டுப்பாட்டில் இல்லை. அரசு அதிகாரத்தின் இரு முனைகளிலும் நின்ற துணைவேந்தர்கள் இந்திய வரலாற்றில் மிகச் சிலரே. மாணவரைக் காக்க வேண்டிய பொறுப்பு துணைவேந்தருக்கு உண்டு. ஆனால், அரசின் முன் அவரது குரலுக்கு எவ்வளவு வலு என்பதை அவரது பதவியின் சுதந்திரமே தீர்மானிக்கிறது.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி லண்டனில் சி.பி. காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

எல்லைக்கோடு பிரித்த பட்டங்கள்

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்து சரியாக 19 ஆண்டுகள் நிறைவடைந்த 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அம்பூரியும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் படித்துவந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதன்பின் வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பட்டங்களைப் பெறலாயினர்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகம், பின்னர் 1966ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், 1990ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று மாறின. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் நூற்பெயரையும் பெயரையும் தாங்கிய பல்கலைக்கழகம் அது என்பது இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு பொருத்தம்.

மறுபுறம், 1957ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. பொருளியல் அறிஞரும் மத்திய நிதியமைச்சராக இருந்தவருமான ஜான் மத்தாய் அதன் முதல் துணைவேந்தரானார். தொடக்கத்தில் மாநிலம் முழுவதற்கும் உரியதாக இருந்த பல்கலைக்கழகத்தின் எல்லை, 1968ஆம் ஆண்டு கோழிக்கோடு பல்கலைக்கழகமும் 1983ஆம் ஆண்டு கோட்டயம் பல்கலைக்கழகமும் உருவானபின் தென் மாவட்டங்களுக்குள் சுருங்கியது. 2022ஆம் ஆண்டு தேசிய மதிப்பீட்டுக் குழுவின் மிக உயர்ந்த தரமான 'ஏ டபுள் பிளஸ்' இப்பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது.

இன்றைய விதி என்ன சொல்கிறது?

1974ஆம் ஆண்டின் கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க மூவர் குழு அமைக்கப்பட வேண்டும். ஒருவரைச் செனட் தேர்ந்தெடுக்கும். ஒருவரைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் நியமிப்பார். மற்றவரை வேந்தரான ஆளுநர் நியமிப்பார். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, தேர்வுக் குழு மூன்று முதல் ஐந்து பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் நின்றுவிடும். கேரளத்தில் நிகழ்ந்தது அதுவே. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே ஒரு பெயர் மட்டும் பரிந்துரைக்கப்பட்டது விதிகளுக்கு முரண் என்பது அதற்கான காரணம். இதையடுத்து, ஒன்பது பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் பதவி விலக வேண்டும் என்று அன்றைய ஆளுநர் ஆரிப் முகமது கான் உத்தரவிட்டார்.

அதே மாதம் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வி.பி. மகாதேவன் பிள்ளை பணிநிறைவு பெற்றார். தேர்வுக் குழுவுக்குத் தன் பிரதிநிதியைச் செனட் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த மோதலில் செனட் உறுப்பினர்கள் 15 பேரை வேந்தர் நீக்கினார். அந்த நீக்கத்தை 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிரந்தரத் துணைவேந்தர் இல்லாததால், சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மோகனன் குன்னும்மலிடம் கேரளப் பல்கலைக்கழகம் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது.

2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, கண்ணூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மறுநியமனத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நியமன அதிகாரம் வேந்தருக்கு உரியது. மாநில அரசின் தேவையற்ற தலையீட்டால் அந்த முடிவு பழுதுபட்டது என்பது தீர்ப்பின் சாரம். இதனிடையே, ஆளுநரை வேந்தர் பதவியிலிருந்து நீக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் தமிழ்நாட்டின் சட்டங்களும் நீதிமன்றத்தின் பரிசீலனைக்குச் சென்றன.

இரு தரப்பின் வாதங்கள்

மாநில அரசுகளின் வாதம் இதுதான்: பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தருவது மாநில மக்களின் வரி, சட்டம் இயற்றுவது மாநிலச் சட்டமன்றம். ஆகவே, மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஆளுநரின் கையில் துணைவேந்தர் நியமனம் இருப்பது முறையன்று. ஆளுநர் தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல: நியமனம் முழுவதும் ஆளும் கட்சியின் கைக்குச் சென்றால், பல்கலைக்கழகம் அரசுத் துறைகளுள் ஒன்றாகச் சுருங்கிவிடும், கட்சி சார்ந்தவர்களே துணைவேந்தர்களாவர்.

1937ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் இந்த இரு வாதங்களுக்கும் முன்பே விடை சொல்லியிருக்கிறது. அரசும் பல்கலைக்கழகமும் ஒன்றானால் நிதியும் வேகமும் கிடைக்கும். ஆனால் மறுத்துப் பேசும் இடம் இல்லாமற் போகும். அரசியல் பொறுப்புக்கு அப்பாற்பட்ட ஒருவரிடம் அதிகாரம் குவிந்தாலும் அதே விளைவுதான். திவான் அன்று சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவராக இருந்தார் என்பதே மக்களின் முதன்மைக் குறையாக இருந்தது.

ஆகவே, அதிகாரம் ஆளுநரிடமா, முதலமைச்சரிடமா என்பது கேள்வியின் பாதி மட்டுமே. நியமிக்கப்பட்ட துணைவேந்தர், தம்மை நியமித்தவரிடம் மறுத்துப் பேச முடியுமா என்பது மறுபாதி. தேர்வுக் குழுவின் பெயர்ப்பட்டியலை வெளிப்படையாக்குவது, காலியிடம் ஏற்படும் முன்பே தேர்வைத் தொடங்குவது, செனட்டையும் சிண்டிகேட்டையும் எந்தத் தரப்பும் நினைத்தபோது கலைக்க முடியாதபடி காப்பது ஆகியவை அந்த மறுபாதிக்கான வழிகளாகும். இவற்றுள் எதுவும் பெரும் செலவு பிடிப்பதன்று.

சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கிய பல்கலைக்கழகம் அவரது பதவியைக் கடந்து, சமஸ்தானத்தைக் கடந்து, மாநில எல்லை மாற்றத்தையும் கடந்து 85 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளது. பொறுப்புத் துணைவேந்தர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டப்படும் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலத் திட்டங்கள் உருவாவது கடினம். ஆசிரியர் நியமனங்களும் கோப்புகளும் தேங்கும். அதன் சுமை ஆளுநர் மாளிகையிலோ தலைமைச் செயலகத்திலோ இறங்குவதில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கச் சான்றிதழ் தேவைப்படும் மாணவரின் தோளிலேயே இறங்குகிறது. நெய்யாற்றின்கரை முதல் அம்பூரி வரையிலான எல்லையோரக் குடும்பங்களில் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறையினருக்கு அந்தக் காத்திருப்பு ஒரு கல்வியாண்டின் இழப்பாகவே முடியக்கூடும்.